சிவப்பு மூடி ஃபிளாஸ்க்கும் புட்டிப்பாலும்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கிறது. சிவப்பு மூடி. உடம்பு முழுக்க ரோஜாப்பூப் படம்; பாதிப் பூக்கள் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்க எடுக்கும்போதெல்லாம் இதையும் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றி வைப்பேன். "சாமி சாமானோட இதை எதுக்கு அத்தை வெச்சிருக்கீங்க?" என்று மருமகள் ஒருநாள் கேட்டாள். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. மகனிடம் சொல்லலாமென்றால் அவன் காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருக்கிறான். கேட்க ஆளில்லாத கதை என்பதால்தான் எட்டாவது வரை படித்த படிப்பை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஃபிளாஸ்க்கை வாங்கியவர் என் பெரிய நாத்தனார். என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகிற வழியில் அவரும் அவர் வீட்டுக்காரரும் டீக்கடை வைத்திருந்தார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. என் அம்மா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். தலைப்பிரசவத்துக்குப் போக எனக்குத் தாய்வீடு கிடையாது. திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்தது ஒற்றை அறை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். போனால் எப்போது திரும்புவார் என்று அந்த லாரிக்கே தெரியாது. "தாய்வூடு இல்லன்னா இன்னா, நாத்துனா வூடு இல்லையா? துணிமணியைக் கட்டிக்கினு கெளம்புடி" என்று அண்ணிதான் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனி நான் எழுதப்போவது முழுக்க அவர்மேல் எனக்கு இருந்த ஆத்திரம். சோறு போட்டவர்மேல் வருகிற ஆத்திரம் வேறு ஆத்திரம் மாதிரி இல்லை. வெளியே கொட்டவும் முடியாது, உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியாது.

மகன் ஆபரேஷன் செய்துதான் பிறந்தான். வீட்டுக்கு வந்த சில நாளில் எனக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கடுமையான மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் வேண்டாம், பவுடர் பால் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து முடிவதற்குள் எனக்குப் பால் வற்றிவிட்டது. பூண்டு தின்றேன், சுறாப்புட்டு தின்றேன், மயிலம் முருகனிடம் அழுதேன். வரவில்லை. பார்க்க வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "ஆம்பளப் புள்ளைக்குப் புட்டிப்பாலா? நாளைக்கு உன்னை மதிக்குமா அது?" என்று ஒருத்தி. "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்று இன்னொருத்தி. பழம் வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டு நாக்கால் குத்திவிட்டுப் போவார்கள். அண்ணி மட்டும் அப்படிப் பேசியதில்லை. "மாடு கறக்கலன்னா கன்னுக்குட்டியைப் பட்டினியா போடுவோம்? டப்பாப் பாலும் பாலுதான்" என்று அவர்களை விரட்டிவிடுவார்.

பால் கலக்குகிற வேலையையும் அண்ணியே எடுத்துக்கொண்டார். அங்கேதான் என் கஷ்டம் தொடங்கியது. அந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை அடுப்பண்டை போகக் கூடாது. அண்ணி அதில் கண்டிப்பு. காரணமும் இருந்தது. கடையில் தினம் விடியலில் போடுகிற முதல் டீ யாருக்கும் கிடையாது. கிழக்கே பார்த்து ரோட்டில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குவார். சாமிக்குப் போகிற டீ கொதிக்கிற அடுப்பில் தீட்டுக்காரி கை படலாமா? நானும் சாமிக்குப் பயந்தவள். அது தப்பென்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் என் பிள்ளை குடிக்கிற பால் என்ன, எப்போது, எப்படிக் கலக்கப்பட்டது என்பது கதவுக்கு அந்தப் பக்கமே நடந்து முடிந்து, புட்டி மட்டும் என் கைக்கு வரும்.

புட்டியைக் கழுவுவதில் அண்ணியை யாரும் குறை சொல்ல முடியாது. டீக்கடைக்காரி அல்லவா. புட்டியையும் ரப்பரையும் தனிச் சட்டியில் போட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டு, இடுக்கியால் எடுத்து, வெள்ளைத் துணிமேல் கவிழ்த்து வைப்பார். கை கழுவாமல் எதையும் தொடமாட்டார். பவுடரைக் குவியாமல் மட்டமாகத்தான் அளப்பார். அவ்வளவும் சரி. ஆனால் கடையில் கூட்டம் ஏறிவிட்டால் அப்புறம் நிமிர நேரமிருக்காது என்று காலையிலேயே பகல் முழுவதற்கும் வேண்டிய பாலை மொத்தமாகக் கலந்து, பக்கத்துக் கடைகளுக்கு டீ எடுத்துப் போகிற பழைய ஃபிளாஸ்க்கில் ஊற்றி என் தலைமாட்டில் வைத்துவிடுவார். "பசிச்சி அழுதா புட்டியில ஊத்திக் குடு. நீ எழுந்திருக்கவே வேணாம்" என்பார். எனக்கு வசதி செய்து கொடுத்தார். அதுதான் கொடுமை. கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பவுடர் டப்பாவில் தமிழிலும் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கொதிக்க வைத்த தண்ணீர், ஒவ்வொரு வேளைக்கும் அப்போதப்போது கலக்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்று இருந்தது. மதியம் ஃபிளாஸ்க்கைத் திறந்தால் பால் வெதுவெதுவென்று இருக்கும். சூடும் இல்லை, ஆறியதும் இல்லை. மூக்கில் வைத்தால் ஏதோ ஒரு வாடை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணி, அப்பப்போ கலக்கணும்னு டப்பாவுல போட்டிருக்குதுங்களே."

"டப்பாக்காரன் அப்பிடித்தான் போடுவான். அவனா கடையைப் பாத்துக்கினு புள்ளையைப் பாத்துக்கினு இருக்கான்? என் கடையில பாலு காலையில அடுப்புல ஏறுனா சாயங்காலம்தான் எறங்குது. இன்னிக்கு வரைக்கும் திரிஞ்சிருக்கா? சூட்டுல இருக்கற பாலு கெடாதுடி."

அவர் சொன்னது கடைப்பாலுக்கு உண்மை. அது அடுப்பிலேயே கொதித்தபடி கிடக்கும். ஃபிளாஸ்க்கில் இருப்பது கொதிக்கிற பால் இல்லை, குளிர் காய்கிற பால். எனக்கு அது வயிற்றில் புரிந்தது, வாயில் சொல்ல வரவில்லை. அவர் எத்தனை வருஷமாகப் பாலில் கை வைத்தவர். நானோ என் பிள்ளைக்குக் கொடுக்கக் கையளவு பால் இல்லாதவள். அவரிடம் பாலைப் பற்றி என்ன பேச?

மீந்த பால் இன்னொரு தலைவலி. பிள்ளை பாதி குடித்துவிட்டுத் தூங்கிப்போகும். மீதியைக் கொட்டுங்கள் என்று சொன்னேன். அண்ணி காதைப் பொத்திக்கொண்டார். "பாலைக் கீழ ஊத்துன்னு சொல்றியே, உன் வாயில வசம்பை வெச்சித் தேய்க்க! பச்சப்புள்ள இருக்கற வூட்டுல பாலைத் தரையில ஊத்துவாங்களா? அது எதுக்கு ஊத்துறதுன்னு தெரியுமில்ல?" தெரியும். எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்கு மறுநாள் பால் தெளிப்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் என் வாய் தானாக அடைத்துக்கொள்ளும். மீந்த பால் புட்டியிலேயே இருந்து அடுத்த வேளைக்குச் சேரும். நான் தலையணைக்கடியில் இருந்த விபூதியை எடுத்துப் பிள்ளை நெற்றியில் வைத்துவிட்டு, முருகா நீ பார்த்துக்கொள் என்று கொடுப்பேன். முருகனுக்கு வேறு வேலை இல்லையா என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு காலையில் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கூடவே வாந்தி. டீ குடிக்க வந்தவன் எவனோ கண்ணு போட்டுவிட்டான் என்று அண்ணி உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லையாம். அப்போ கண்ணுதான் என்று உறுதியாகச் சொன்னார். தூக்கும்போது பிசகி உரம் விழுந்திருக்கும் என்றார் அவர் வீட்டுக்காரர். மதியத்துக்குள் பிள்ளைக்கு உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. சத்தமும் வரவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நான் தீட்டு, தையல் எதையும் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைவழியாகவே ரோட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணி கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார். வழியெல்லாம் "மயிலத்தானே, பால்குடம் எடுக்கறேன், புள்ளையைக் குடு" என்று அரற்றிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தலையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். நர்சம்மா எங்கள் பையில் இருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா?" என்றார். "பாலும்மா. காலையில கலந்தது. சூடாத்தான் இருக்குது" என்றார் அண்ணி, ஏதோ நல்ல சேதி சொல்வது மாதிரி. நர்சம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணியை இல்லை, என்னை. "நீதானே தாயி? புள்ள குடிக்கறது இன்னான்னு பாக்க மாட்டியா? வெதுவெதுன்னு வெச்சா பூச்சி வளர்றதுக்கு மெத்தை போட்டுக் குடுத்த மாதிரி. வேணும்னா ஃபிளாஸ்க்குல சுடுதண்ணியை வையி. பவுடரைக் குடிக்கும்போது போடு" என்று படபடவென்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அடுப்பைத் தொடாதவள், பாலைக் கலக்காதவள், வேண்டாமென்று சொல்லிச் சொல்லித் தோற்றவள், திட்டு வாங்கினவளும் நானே. அந்த எரிச்சல் இன்றைக்கும் ஆறவில்லை.

பிள்ளை பிழைத்தான். கண்ணைத் திறந்து வீரிட்டு அழுத அன்று அண்ணி வார்டு வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அண்ணி சிரித்த முகமாக என் அறை வாசலில் நின்றார். கையில் புத்தம் புது ஃபிளாஸ்க். சிவப்பு மூடி, ரோஜாப்பூ.

"அந்தப் பழசுதான் பேஜாரு பண்ணிடுச்சி. சூடு நிக்கல. இது நல்ல ஃபிளாஸ்க்கு. புள்ளைக்குன்னே வாங்கியாந்தேன். பாலு ஊத்தி வெச்சிட்டேன், தோ."

அதை எப்படிச் சொல்வேன். சிரிப்பதா, அழுவதா, அவர் காலிலேயே விழுவதா என்று தெரியவில்லை. குற்றம் பாலில் இல்லையாம், ஃபிளாஸ்க்கில் இருந்ததாம். அவர் கடைக்குப் போய்விட்டார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, புது ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு, நடையைத் தாண்டிக் கடைக்குள்ளேயே போய் நின்றேன். பெஞ்சில் ரயிலுக்குப் போகிற ஆட்கள் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கையில் இருந்த டீ நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, காலையில கலந்து வெச்ச டீயைச் சாயங்காலம் யாருக்காவது குடுப்பீங்களா?"

டீ நின்றது. "இன்னாடி கேக்கற?"

"டிகாஷன் தனியா வெக்கறீங்க, பாலு தனியா வெக்கறீங்க. ஆள் வந்து கேட்டாத்தானே கலக்கறீங்க? ஒருத்தர் பாதி குடிச்சி வெச்ச கிளாசை அடுத்த ஆளுக்கு நீட்டுவீங்களா? ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் அப்பப்போ கலந்து குடுக்கறீங்க. என் புள்ளைக்கு மட்டும் ஏன் அண்ணி காலையில போட்ட டீ?"

என் குரல் அப்படி உயரும் என்று எனக்கே தெரியாது. பெஞ்சில் இருந்த ஒருவர் கிளாசைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, இது இன்னிக்குப் போட்டதுதானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியின் முகம் பாய்லர் மாதிரி சிவந்துவிட்டது. "என் கடையில ஆறுன டீ குடிச்சேன்னு எவனாவது சொல்லட்டும், கடையை இழுத்து மூடிட்டுப் போறேன்!" என்று அந்த மனிதர்மேல் பாய்ந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்தார், ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வாசலில் வந்தது. புட்டிப்பால் வேளாவேளைக்கு அவர் வீட்டுக்காரர் கையில் வந்தது. நான் மூட்டையைக் கட்டத் தயாராகிவிட்டேன். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் என் அறை வாசலில் தாம்பாளம் ஒன்று இருந்தது. மேலே வெள்ளைத் துணி. எடுத்துப் பார்த்தேன். கொதிக்க வைத்துக் கவிழ்த்த புட்டிகள். இறுக மூடிய சின்னச் சின்ன எவர்சில்வர் டப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேளைக்கான பவுடர் மட்டமாக அளந்து, ஈரம் படாமல் இருந்தது. பக்கத்தில் சிவப்பு மூடி ஃபிளாஸ்க். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. பால் இல்லை. வெறும் வெந்நீர், இப்போதுதான் கொதித்து இறங்கியது. பக்கத்துக் கிண்ணத்தில் புட்டியை வைத்து ஆற்றுவதற்குக் குளிர்ந்த தண்ணீர். அண்ணி அதற்குள் கடையில் இருந்தார். தப்பு என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக, அடுப்பைத் தொடாமல், அந்த வீட்டுச் சாமிக்கும் குறை வைக்காமல், என் பிள்ளைக்கு என் கையால் பால் கலக்கினேன். வெந்நீரை ஊற்றி, பவுடரைக் கொட்டி, குலுக்கி, கிண்ணத்தில் ஆற விட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அந்தச் சொட்டைத் துடைக்க மனம் வரவில்லை. ஃபிளாஸ்க்கில் சூடு தணிவதற்குள் கடையிலிருந்து புது வெந்நீர் வந்துவிடும்.

மீந்த பாலுக்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கடைப் பெஞ்சுக்கடியில் செம்பட்டை நாய் ஒன்று கிடக்கும். பிள்ளை மிச்சம் வைத்த புட்டியை வாசலில் வைத்தால் அண்ணி வந்து எடுத்துப்போய்க் கொட்டாங்கச்சியில் ஊற்றி, "பைரவரே, குடி" என்பார். பால் தரையில் விழவில்லை, வீணாகவும் இல்லை. நாய் நன்றாகக் கொழுத்தது. பிறகு என்னோடு பேச ஆரம்பித்தபோது அவர் முதலில் சொன்னது, "உன் புள்ளையைவிட நாய்தான்டி எடை போட்டுக்கினு போவுது." மகனுக்கு மயிலத்தில் மொட்டை போட்டபோது, வேண்டிக்கொண்டபடி அண்ணி பால்குடம் எடுத்தார். முருகன் தலையில் அந்தப் பால் வழிந்தபோது ஒரு துளி வீணாகிறது என்று அவர் முகத்தில் நினைப்பே இல்லை.

அண்ணி போய்ச் சில வருஷம் ஆகிறது. அவருக்குப் பால் தெளித்த அன்று என் முறையும் வந்தது. ஒரு சொட்டு தரையில் விழ விடாத மனுஷிக்குத் தரையில் பால் ஊற்றினேன். கடையைக் காலி செய்தபோது நான் கேட்டு வாங்கி வந்தது இந்த ஃபிளாஸ்க் மட்டும்தான்.

இப்போது எங்கள் வீட்டில் மறுபடி ஒரு குழந்தை. மகனின் மகள். மருமகளுக்கும் பால் போதவில்லை, பவுடர் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவளை நான் குத்திப் பேசியதில்லை. குத்து வாங்கினவள் அல்லவா நான். புட்டியை ஆவியில் வேகவைக்க மெஷின் இருக்கிறது, சூடுபண்ண மெஷின் இருக்கிறது. எல்லாம் இருந்தும், குழந்தை பாதி குடித்து வைத்த புட்டி ஃபிரிட்ஜ் கதவுக்குப் போகிறது. அடுத்த வேளை சூடாகி வருகிறது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாய் வைத்த பாலை வைக்கக் கூடாது என்று எத்தனை தரம் சொல்வது? சொன்னால் "அத்தை, ஃபிரிட்ஜ்ல வெச்சா ஒண்ணும் ஆவாது" என்கிறாள். கெட்டிக்காரப் பெண், வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிறவள். களைப்பில் செய்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மகனைப் பிடித்து உட்கார வைத்தேன். அன்று விழுப்புரத்தில் வேலை செய்த அதே கேள்வியை இங்கே எடுத்தேன்.

"ஏண்டா, காலையில கலந்த டீயைச் சாயங்காலம் குடிப்பியா?"

"ஓவன்ல வெச்சா குடிப்பேம்மா. ஆபீஸ்ல டெய்லி அதான் குடிக்கறேன்."

எந்தப் பிள்ளைக்காக அந்தக் கேள்வியைக் கேட்டேனோ, அந்தப் பிள்ளையே சொன்ன பதில் இது. உச்சிக்குழி பள்ளமாகிக் கிடந்த தலையை இப்போது நன்றாக வாரி விட்டுக்கொண்டு சொல்கிறான். நான் எழுந்து வந்துவிட்டேன். சாமி அறையில் கொஞ்ச நேரம் நின்றேன். முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு அவனைத் தொந்தரவு செய்தது போதும் என்று தோன்றியது.

இன்று காலை அவர்கள் வேலைக்குப் போனபின் மேல்தட்டிலிருந்து ஃபிளாஸ்க்கை இறக்கினேன். கழுவி, வெந்நீர் விட்டு அலசினேன். உள்கண்ணாடி இன்னும் பளபளக்கிறது. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஊற்றினேன். சின்ன எவர்சில்வர் டப்பிகளாகத் தேடி எடுத்து, வெந்நீரில் போட்டு, காயவைத்து, வேளைக்கொன்றாகப் பவுடர் அளந்தேன். பேத்தி அழுத ஒவ்வொரு தரமும் கலந்தேன். மிச்சத்தைக் கொட்ட இங்கே பைரவர் இல்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றும்போது ஒவ்வொரு தரமும் கை ஒரு கணம் நின்றுதான் சாய்ந்தது.

சாயங்காலம் மருமகள் வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"அத்தை, காலையில இங்க வெச்ச பால் எங்க?"

"ஊத்திட்டேன்."

"அவ்ளோ பாலையுமா?" என்றாள். அப்படியே அண்ணியின் குரல்.

நான் அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் கொதித்து நின்ற தண்ணீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, சிவப்பு மூடியை இறுகத் திருகி, அவள் அறை வாசலில், பவுடர் டப்பிகள் அடுக்கி வெள்ளைத் துணி போர்த்திய தாம்பாளத்தில் வைத்துவிட்டு வந்தேன்.